கேட்டும் திறக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

என் மேஜை டிராயரை யாரோ திறந்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் எப்போதும் இடது பக்கம்தான் இருக்கும். இன்று வலது பக்கம் கிடந்தது. வழக்கு எழுதுகிற ஏட்டு, எங்கள் ரைட்டர், அவரிடம் கேட்டேன். "அக்கா, உங்க கத்தரிக்கோலைத் திருடி நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குள் திருட்டு பயமா என்று எல்லாருக்கும் சிரிப்பு. சிரிக்கட்டும். இருபத்தாறு வருஷமாகத் திருடன் சொல்வதையும் போலீஸ் சொல்வதையும் டைப் அடிக்கிறவள் நான். இரண்டு பக்கத்தையும் நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியாதா?

புதுச் சட்டத்தின் சுற்றறிக்கை வந்துவிட்டது. இனிமேல் வாக்குமூலம் வாங்கும்போது கேமரா ஓட வேண்டுமாம். அது போகட்டும். வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டனை கொடுத்த பழைய வழக்குகளை ஒரு கமிட்டி மறுபடி பார்க்கப் போகிறதாம். அதற்கென்று ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வயது இருந்தால் அதிகம். கையில் தடி நோட்டு, கழுத்தில் அட்டை. உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பின் தெரியாதவளைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்?

வீட்டுக்காரர் இன்று இருபது நிமிஷம் தாமதம். அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக்கடையை ஆறு மணிக்குச் சாத்துகிறார்கள். நடந்தால் பத்து நிமிஷம். "வழியில ஒருத்தரைப் பார்த்தேன்" என்றார். யாரை என்று கேட்டால் "அதெல்லாம் உனக்குத் தெரியாது" என்கிறார். பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

கமிட்டிப் பெண் என் அறைக்கே வந்துவிட்டாள். ஒரு பழைய வாக்குமூலத்தைக் காட்டி, "இது அவங்க சொன்ன வார்த்தையா, நீங்க எழுதின வார்த்தையா?" என்றாள்.

"அவங்க சொல்றதை ரைட்டர் சொல்லுவார். ரைட்டர் சொல்றதை நான் அடிப்பேன்" என்றேன்.

"நடுவுல ஒண்ணும் மாறாதா?"

"இலக்கணம் மாறும்."

அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் கிண்டலாகச் சொன்னதை ஏன் எழுதுகிறாள்? மத்தியானம் ரைட்டர் மெதுவாக வந்து, "பார்த்து வாயைத் திறங்க அக்கா. கடைசியில எல்லாத்தையும் தூக்கி டைப்பிஸ்ட் தலையில கட்டிட்டுப் போயிருவாங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மார்ச் 7, வெள்ளி

இன்றும் இருபது நிமிஷம்.

மார்ச் 10, திங்கள்

ரைட்டர் காலையிலேயே ஒரு கோப்போடு வந்தார். எட்டு வருஷத்துக்கு முந்தைய மெத்தை கோடவுன் தீ வழக்கு. உள்ளே காவலாளி கருகிச் செத்துப்போனார். அதில் ஏழாம் பக்கத்தை மட்டும் உருவி என் முன்னால் வைத்தார். "மை மங்கிப் போச்சு. அப்படியே புதுசா அடிச்சிருங்க. பென்சில்ல கோடு போட்ட ரெண்டு வரி மட்டும் வேண்டாம். பழைய தேதியே இருக்கட்டும். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக் குடுங்க" என்றார்.

மை எங்கே மங்கியிருக்கிறது? கண்ணாடிக்கடைக்காரன் பெண்டாட்டி நான், எனக்குத் தெரியாதா மங்கல் எது தெளிவு எது என்று? பளிச்சென்று இருந்தது. ஆனாலும் அடித்துக் கொடுத்துவிட்டேன். "அடிங்க" என்றால் என் விரல் தானாக ஓடும், அதற்கு மூளை கிடையாது. பழைய பக்கத்தையும் கையோடு வாங்கிப் போய்விட்டார்.

வேண்டாம் என்ற இரண்டு வரி இதுதான். மனப்பாடமாகிவிட்டது: "மாலை நான்கு மணி அளவில் நிலைய வாசலில் டிரான்ஸ்பார்மர் பலத்த சத்தத்துடன் வெடித்தபோதும் எதிரி சிறிதும் அசையாமல் அமர்ந்திருந்தார். கல்நெஞ்சம் படைத்தவர் எனத் தெரிகிறது."

எங்கள் பாஷையில் குற்றம் சாட்டப்பட்ட எல்லாருமே 'எதிரி'தான். சரி, இந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது? இது போலீசுக்குச் சாதகமான வரியாயிற்றே. சாதகமானதை ஏன் எடுக்க வேண்டும்?

மார்ச் 11, செவ்வாய்

அதே நினைப்பு. தூக்கம் சரியில்லை.

அந்த ஆளை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோடவுனுக்கு அடுத்த கட்டடத்தில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவன். தீ பிடித்த சாயங்காலம் அந்த வழியாகப் போனதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், பிடித்துவந்தார்கள். ஸ்டேஷனில் அவனுக்கு 'தலையாட்டி' என்று பெயர். என்ன கேட்டாலும் ஆட்டுவான். நீதான் பத்த வச்சியா? ஆட்டினான். காவலாளி கத்தினானா? ஆட்டினான். நீ பாட்டுக்குப் போயிட்டியா? ஆட்டினான். ரைட்டருக்கு ஒரே சந்தோஷம். அரை நாளில் முடிந்த வாக்குமூலம் அது ஒன்றுதான்.

டிரான்ஸ்பார்மர் வெடித்ததும் அவன் உட்கார்ந்திருந்தபோதுதான். நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன், ரைட்டர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். அவன் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டு இருந்தான். "எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டலை" என்றார் ரைட்டர். நான்தான் "கல்நெஞ்சம் படைத்தவர்னு போடலாமா?" என்று கேட்டேன்.

அந்த வழக்கில் என் வாக்கியம் ஒன்று பேப்பரிலேயே வந்தது. "உள்ளே காவலாளி கத்துவதைக் கேட்டேன். கேட்டும் திறக்கவில்லை." நீதிபதி தீர்ப்பில் அதை எடுத்துப் போட்டு, இந்த இரண்டு சொற்களுக்காகவே இருபது வருஷம் என்று எழுதியிருந்தார். அவன் சொன்னதாகத்தான் பேப்பரில் போட்டிருந்தார்கள். வீட்டில் மட்டும் சொன்னேன், இது நான் கோத்த வாக்கியம் என்று. வெட்டி எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

இதை எப்படி எழுத.

மத்தியானம் என் அறையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கமிட்டிப் பெண் வரச்சொல்லியிருந்தாளாம், அவள் சாப்பிடப் போயிருந்தாள். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர் போல, முழங்கை வரை சூட்டுத் தழும்பு. உளவு பார்க்க வந்தவரோ என்று முதலில் ஓரக்கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவராகவே பேச ஆரம்பித்தார். தலையாட்டியின் அக்கா.

"போன மாசம் ஜெயில்ல காது பார்த்தாங்கம்மா. ரெண்டும் சுத்தமா கேக்கலையாம்."

"உள்ள போன பிறகு போயிருக்கும்" என்றேன்.

"அப்படித்தான் உங்க ஆளுங்களும் சொல்றாங்க. டைல்ஸ் வெட்டுற மெஷின் பக்கத்துலயே பத்து வருஷம்மா. உள்ள போறதுக்கு முன்னாடியே போயிருச்சு. வெளிய தெரிஞ்சா மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார்னு மறைச்சான். வாயைப் பார்த்துப் பாதி புரிஞ்சுக்குவான். புரியலைன்னா தலையாட்டிருவான். எனக்கு மட்டும்தான் தெரியும்."

"கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதானே?"

"வக்கீல்கிட்ட சொன்னேனே. டாக்டர் சீட்டு இருக்கான்னு கேட்டார். டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிரும்னு அவன் போனதே இல்லையே. நான் கூடப்பிறந்தவ, நான் சொன்னா எடுபடாதாம். அந்த நேரத்துலயே கேக்காதுன்னு காட்டுற மாதிரி ஒரு துண்டுச்சீட்டு, ஒரே ஒரு வரி இருந்தாக்கூடப் போதும்னு இந்தப் பொண்ணும் சொல்லுது. அதுக்கு நான் எங்க போவேன்?"

ஒரே ஒரு வரி.

டிபன் டப்பாவைக் கழுவுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

அடிப்பாவி. அடிப்பாவி. அடிப்பாவி.

ஊர்ல உள்ளவன் எல்லாரையும் சந்தேகப்பட்டியே, எதிர்ல உக்காந்திருந்தவனுக்குக் காது கேக்குதான்னு ஒரு தடவை சந்தேகப்பட்டியா? டிரான்ஸ்பார்மர் வெடிச்சுது. அசையலை. செவிடுன்னு தோணலை, கொலைகாரன்னுதான் தோணுச்சு. ஏன்? போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தான், அதனால. அதுக்கு மேல அவனையே 'கேட்டேன்'னு சொல்ல வச்சிருக்கேன். ஒண்ணுமே கேக்காதவனை. கத்துறதைக் கேட்டேன். கேட்டும் திறக்கலை. கடைசியில வழக்கமான வரி வேற: "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது." எட்டு வருஷம்.

அந்த ஒரு வரி பேப்பரில் இருந்தது. திங்கட்கிழமை வரை இருந்தது. நான்தான் அதை இல்லாமல் பண்ணினேன்.

மார்ச் 15, சனி

காலையிலிருந்து பேசவில்லை. வீட்டுக்காரர் பயந்துபோய், "சரி, சொல்லிடறேன். டாக்டர் சர்க்கரை ஏறிடுச்சு, தினமும் நடன்னார். உன்கிட்ட சொன்னா சோறு போட மாட்டியேன்னு பார்க்கைச் சுத்திட்டு வர்றேன்" என்றார். அவர் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு வீட்லயும் ஸ்டேஷன்தான். சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாத மாதிரி நடிக்காத" என்றார்.

மார்ச் 17, திங்கள்

ரைட்டரைத் தனியாகப் பிடித்தேன். பழைய ஏழாம் பக்கம் எங்கே என்று கேட்டேன். "எந்தப் பக்கம்?" என்றார். முழுப் பூசணிக்காயை மறைக்கிறார். விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் தூக்கமில்லை போல.

"அக்கா, பேப்பர் இல்லை. அடுப்புல போட்டாச்சு. அந்தக் கேஸ்ல நானும் கையெழுத்து, நீங்களும் கையெழுத்து. அவன் வெளிய வந்தா நாம உள்ள. புரியுதா?"

"அவனுக்குக் காது கேக்காதுன்னு அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"சத்தியமா தெரியாது. கமிட்டி காட்டின ஜெயில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும்தான் அந்த வரி ஞாபகம் வந்துச்சு." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. 'வாட்ச்மேன் கத்தினான், இவன் போயிட்டான்'னுதானே நான் சொன்னேன்? 'கேட்டும் திறக்கவில்லை'ன்னு ஜோடிச்சது யாரு?"

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். அந்த மனுஷன் சொன்னதில் அது ஒன்றாவது நிஜம்.

மார்ச் 18, செவ்வாய்

லீவு. பீரோவைத் துடைத்தேன். துடைத்த பீரோவையே மறுபடி துடைத்தேன்.

மார்ச் 19, புதன்

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ரைட்டர் சொல்ல மாட்டார். இருந்தது ஒரே பிரதி, அதுவும் சாம்பல். இன்னும் நாலு வருஷத்தில் ரிட்டயர்மெண்ட். அவனுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் பாக்கி.

அப்புறம் இன்னொன்று. அந்தக் கமிட்டிப் பெண்தான் அக்காவை வேண்டுமென்றே என் அறையில் உட்காரவைத்தாளோ? என்னைக் கறக்க? கறந்தால்தான் என்ன, அந்த அக்கா சொன்னது பொய்யாகிவிடுமா?

மார்ச் 20, வியாழன்

போனேன். அவள் அறைக் கதவைத் தட்டி, "ஏழாம் பக்கம் புதுசு, நான்தான் பத்து நாள் முன்னாடி அடிச்சேன்" என்று நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்து சொன்னால் மனசு மாறிவிடும் என்று பயம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நோட்டை மூடினாள். "அம்மா, மேல சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நீங்க சொல்றது உங்களுக்கே எதிரா வரலாம். சொல்லித்தான் ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஒரு வக்கீலோட வந்து சொல்லலாம். நாளைக்கு வந்தாலும் காத்திருக்கேன்" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் இந்த வார்த்தையை யாராவது யாரிடமாவது வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடித்திருக்கிறேன். எல்லா வாக்குமூலத்திலும் முதல் பத்தி அதுதான். என் விரலுக்கு நன்றாகத் தெரியும், காதுக்கு இன்றுதான் முதல் தடவை.

வக்கீல் வேண்டாம் என்றேன். வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். சாயங்காலம் ஒரு வக்கீலம்மா வந்தபிறகு கேமராவைப் போட்டார்கள். டிரான்ஸ்பார்மர், சிமெண்டுச் சுரண்டல், கல்நெஞ்சம், பென்சில் கோடு, எல்லாம் சொன்னேன். நடுவில் ஒரு தடவை "தாங்கொணா வேதனையுடன்" என்று வாயில் வந்துவிட்டது. நிறுத்தி, "பயமா இருந்துச்சு" என்று மாற்றிச் சொன்னேன்.

ஏப்ரல் 9, புதன்

எதிர்பார்த்ததுதான். தற்காலிகப் பணி நீக்கம், எனக்கும் ரைட்டருக்கும். உத்தரவில் இரண்டு எழுத்துப் பிழை. யார் அடித்தார்களோ.

கமிட்டிப் பெண் போன் செய்தாள். மின்சார ஆபீஸ் பழைய பதிவேட்டில் இருக்கிறதாம்: அதே தேதி, நான்கு பத்து, ஸ்டேஷன் வாசல் டிரான்ஸ்பார்மர். என் பேச்சு இப்போது வெறும் பேச்சு இல்லை. ரைட்டர் மட்டும் ஒன்றும் ஞாபகம் இல்லை என்றே சொல்கிறாராம். மேஜைக்கு அடியில் போனதுகூடவா ஞாபகம் இருக்காது?

ஏப்ரல் 10, வியாழன்

கடைத்தெருவில் ரைட்டரின் சம்சாரம் என்னைப் பார்த்துவிட்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். இருபது வருஷப் பழக்கம்.

ஜூன் 19, வியாழன்

சும்மா இருந்தால் புத்தி சும்மா இருக்கிறதா? இன்று புதிதாக ஒரு பேய் பிடித்துக்கொண்டது. காது கேட்கவில்லை, சரி. ஆனால் தீ வைத்தது அவனே என்றால்? செவிடன் தீ வைக்க மாட்டானா என்ன? வேலையையும் விட்டு, பழிகாரனுக்குக் கதவைத் திறந்துவிட்டேனா?

பொறுக்க முடியாமல் கமிட்டிப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அவர் வச்சாரா இல்லையான்னு எனக்கும் தெரியாதும்மா. உங்களுக்கும் தெரியாது. எட்டு வருஷமா எல்லாரும் தெரிஞ்ச மாதிரி இருந்தோம், அதுதான் தப்பு" என்றாள். "இன்னொருத்தன் வச்சிருந்தா, அவனை யாருமே தேடலையே" என்றும் சொன்னாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. நமக்கு ஒருத்தன் கிடைத்ததும் அதோடு கோப்பைக் கட்டிவிட்டோம். நிஜமாகப் பற்றவைத்தவன் இந்த எட்டு வருஷமும் எங்கே இருந்தான், இன்னும் எத்தனை கோடவுன்?

இனிமேல் விசாரணைப் படிவத்தில் முதல் கேள்வி, நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா, புரிகிறதா என்பதாம். தலையாட்டினால் போதாது, வாயால் திரும்பச் சொல்ல வைக்க வேண்டுமாம். போனில் படித்துக் காட்டினாள். வாக்கியம் கொஞ்சம் மொட்டையாக இருந்தது. நான் ஒன்றும் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளைக்குத் தீர்ப்பு. போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். போகாவிட்டால் என்ன தீர்ப்பு என்று யாரை நம்பிக் கேட்பது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரைக் கூட்டிவந்தார்கள். தலை நரைத்துவிட்டது, சட்டை இரண்டு சுற்றுப் பெரிசு. அவர் முன்னால் ஒரு சின்னத் திரை வைத்திருந்தார்கள். நீதிபதி பேசப் பேசப் பக்கத்தில் ஒரு பெண் அடிக்க, எழுத்து அதில் ஓடியது. நல்ல வேகம். நீதிபதி சொன்னதைத் தவிர ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, கவனித்தேன்.

அந்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது. தண்டனை ரத்து. தீயைப் பற்றிய விசாரணை முதலிலிருந்து நடக்க வேண்டும். அவர் திரையைப் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு "அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தம் கூடிவிட்டது. கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அவருடைய அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நைசாக நழுவப் பார்த்தேன். அக்கா பார்த்துவிட்டார். வராந்தாவில் தம்பியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, என்னைக் காட்டி, வாயசைத்து என்னவோ சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

அப்பாடா என்று இருந்தது. ஒரு நொடிதான். இந்தத் தலையாட்டலை நம்பித்தானே அன்றைக்குப் பதினோரு பக்கம் அடித்தேன்? தரையைப் பார்த்துச் சொன்னால் அவர் வாயை எப்படிப் பார்ப்பார்?

நிமிர்ந்தேன். "நான் சொன்னது புரிஞ்சுதா?"

தலை ஆடப் போனது. நின்றது. "இல்லைங்க, புரியலை" என்றார்.

முகத்தைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். உங்க வாக்குமூலத்தை அடிச்சது நான். கத்துறதைக் கேட்டேன்னு நீங்க சொல்லலை. நானா எழுதினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதற்காக நிற்கவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தொட்டார். அவர் அசையவில்லை.

"அன்னைக்கு நான் அந்த வழியாத்தாங்க போனேன்" என்றார். "புகை ஏதோ வந்துச்சு. யாரோ குப்பை கொளுத்தறாங்கன்னு நினைச்சுப் போயிட்டேன். எட்டு வருஷமா யாரைக் கேக்கறதுன்னு தெரியலை. அந்தக் காவலாளி நிஜமாவே கத்தினாரா?"

எனக்குத் தெரியாது. ரைட்டருக்கும் தெரியாது. கத்தியதைக் கேட்டவர் யாருமே அந்தக் கோப்பில் இல்லை. அதையும் நாங்களாகத்தான் எழுதினோம்.

அவருக்குப் புரிகிற வரை மூன்று தடவை சொன்னேன்.